விட்டுக்கொடுப்பவர் தோற்கும் வழக்கு

சாலமோன் அரசரின் தீர்ப்பு, நம் மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் கதைகளுள் ஒன்று. அரசர்கள் முதல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் வருவது. ஒரே வீட்டில் குடியிருந்த இரு பெண்கள். மூன்று நாள் இடைவெளியில் பிறந்த இரு குழந்தைகள். இரவில் ஒரு குழந்தை இறந்துபோக, உயிரோடிருப்பது தன்னுடையதே என்று இருவரும் அரசர் முன் வாதிடுகின்றனர். வாளைக் கொண்டுவரச் செய்து, குழந்தையை இரண்டாகப் பிளக்கக் கட்டளையிடுகிறார் அரசர். பிள்ளை பிழைத்தால் போதும், மற்றவளே வைத்துக்கொள்ளட்டும் என்று கதறியவளே தாய் எனத் தீர்ப்பாகிறது.

கணவனும் மனைவியும் பிரிந்து, பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கு எழும்போதெல்லாம் இக்கதை நினைவுகூரப்படுகிறது. மறையுரை ஆற்றும் நாம் மட்டுமல்ல, வழக்கறிஞர்களும் செய்தித்தாள்களும் இதைத் துணைக்கு அழைப்பதைக் காண்கிறோம். இவ்வொப்புமை பொருந்துமா? பொருந்தாது என்பதே நமது கருத்து. பொருந்தாதது மட்டுமன்று, மணவூர் போன்ற சிற்றூர்களில் பிரிந்து வாழும் பெற்றோரின் காதில் இக்கதை ஓதப்படும்போது அது தீங்கும் செய்கிறது.

சாலமோன் முன் நின்றவர்களுள் ஒருத்தி பொய் சொன்னாள். வாள், பொய்யை வெளிப்படுத்துவதற்கான கருவி. குடும்ப நல நீதிமன்றத்திலோ இருவருமே மெய்யான பெற்றோர். ஞானஸ்நானப் பதிவேட்டில் இருவரின் பெயரும் ஒரே வரியில் நிற்கின்றன. அங்கே வாளை ஓங்கினால் வெளிப்படப் பொய் ஏதுமில்லை. (அந்தப் பொய் சொன்ன பெண்ணுக்காகவும் நாம் சற்றே இரங்க வேண்டும். அன்றிரவுதான் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். எந்த மறையுரையிலும் அவளுக்கு ஓர் ஆறுதல் சொல் கிடைத்ததாக நமக்கு நினைவில்லை.)

இதைவிடக் கருதத்தக்கது இரண்டாவது வேறுபாடு. சாலமோன் கதையில் விட்டுக்கொடுத்தவள் வெல்கிறாள். ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட், 1944இல் எழுதிய 'காக்கேசிய வெண்கட்டி வட்டம்' நாடகத்திலும் இதே நியதிதான். ஒரு பழைய சீன நாடகத்திலிருந்து எடுத்தாண்ட கதை அது. தரையில் வட்டம் வரைந்து, நடுவில் குழந்தையை நிறுத்தி, பெற்றவளையும் வளர்த்த பணிப்பெண்ணையும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கச் சொல்கிறான் நீதிபதி. குழந்தைக்கு வலிக்குமே என்று கையை விட்டுவிடுகிறாள் வளர்த்தவள். பிள்ளை அவளுக்கே என்று தீர்ப்பாகிறது. பிரெக்ட், பெற்ற பாசத்தைப் பின்னுக்குத் தள்ளி விவிலியக் கதையைத் தலைகீழாக்கினார் என்பர். ஆனால் கதையின் அச்சாணியை அவரும் மாற்றவில்லை. இழுக்காதவளுக்கே பிள்ளை என்பது அங்கும் மாறாதிருக்கிறது.

நமது நீதிமன்ற நடைமுறையில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. அங்கே பெரும்பாலும் கையை விட்டவர் தோற்கிறார். இழுத்துப் பிடித்தவர் வெல்கிறார். சட்டத்தின் எழுத்து அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் இதில் ஆராயத்தக்கது.

எழுத்து என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கிறிஸ்தவர்களின் திருமண வழக்குகளுக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் பொருந்தும். வழக்கு நடக்கும்போதும் முடிந்த பின்னும் பிள்ளைகளின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி குறித்து ஆணையிட அதன் 41 முதல் 44 வரையிலான பிரிவுகள் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகின்றன. காப்பாளர் நியமனத்துக்கோ 1890ஆம் ஆண்டின் பொதுச் சட்டம் இருக்கிறது. பிள்ளையின் வயது, பால், சமயம், காப்பாளரின் ஒழுக்கம், தகுதி ஆகியவற்றைக் கருத வேண்டும் என்றும், சிந்தித்துச் சொல்லும் வயதானால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்றும் அதன் 17ஆம் பிரிவு கூறுகிறது. ஐந்து வயது வரை பிள்ளை தாயிடமே இருக்க வேண்டுமென்று சட்டம் இருப்பதாக நம் மக்கள் பலர் நம்புகின்றனர். அது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டத்தில் உள்ள விதி. அங்கும் 'சாதாரணமாக' என்ற சொல்லோடுதான் வருகிறது. கிறிஸ்தவர்களுக்கு அப்படியொரு விதி எழுதப்படவில்லை. எனினும் பச்சிளம் பிள்ளைக்குத் தாயின் அணைப்பே நலம் என்ற எண்ணத்தோடுதான் நீதிமன்றங்கள் பொதுவாக நடந்துவருகின்றன. தந்தை உயிரோடும் தகுதியோடும் இருக்கையில் வேறொருவரைக் காப்பாளராக நியமிக்கலாகாது என்றிருந்த 1890ஆம் ஆண்டின் விதியில் 'தாய்' என்ற சொல் சேர 2010ஆம் ஆண்டு வரை நாம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இச்சட்டங்களுக்கு உயிரூட்டிய தீர்ப்பு சென்னையிலிருந்து சென்றது என்பதும், அது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வழக்கு என்பதும் நம் வாசகர்களுள் பலர் அறியாதவை. சட்ட நூல்களில் 'ரோசி ஜேக்கப் வழக்கு' எனப்படும் அது, 1960களில் சென்னை உயர் நீதிமன்றத்தில் மணவாழ்வுப் பிரிவு கோரும் மனுவாகத் தொடங்கியது. பிள்ளைகள் மூவர். ஒரு பகுதியினர் தந்தையிடமும் ஒரு பகுதியினர் தாயிடமுமாகப் பங்கிடும் ஏற்பாடும் அதன் வழியில் வந்துபோனது. 1973 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஐ. டி. துவா எழுதிய தீர்ப்பு, பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்கள் அல்லர், விளையாட்டுப் பொம்மைகளும் அல்லர் என்று உரைத்தது. தந்தைக்குத் தகுதிக்குறைவு இல்லை என்பது மட்டும் போதாது, பிள்ளையின் நலமே முடிவுசெய்யும் என்றும், இத்தகைய ஆணைகள் எக்காலத்துக்கும் மாறாதவை அல்ல, பிள்ளை வளர வளர மாற்றத்தக்கவை என்றும் தெளிவாக்கியது. தீர்ப்புரையை இலக்கியமாக வாசிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. வாசித்தால், பெற்றோர்–பிள்ளை உறவைப் பற்றி அக்காலத்தில் இந்நாட்டில் எழுதப்பட்ட நல்ல உரைநடைப் பகுதிகளுள் ஒன்றாக இதை வைக்கலாம். உடைமை என்ற சொல்லை மறுத்த அந்த இடம், ஐம்பது ஆண்டுகள் கழித்தும் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது.

ஆயினும் உயர்ந்த உரைநடைக்கும் மணவூர் நிலையத்தில் காலை மின்தொடர் வண்டிக்குக் காத்து நிற்கும் குடும்பத்துக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் பெயர் வாய்தா.

எடுத்துக்காட்டாக, நம் எல்லைப்புறத்தில் இயல்பாக நிகழ்வதை எண்ணிப் பார்ப்போம். மணவூர்ப் பெண்ணை ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரியில் கொடுத்திருக்கிறார்கள். மனம் கசந்து, ஆறு வயதுப் பிள்ளையுடன் அவள் தாய்வீடு வருகிறாள். பிள்ளை இங்கே தமிழ்ப் பள்ளியில் சேர்க்கப்படுகிறது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, பிள்ளை வழக்கமாக வாழும் இடத்து நீதிமன்றத்திலேயே மனு போட வேண்டும். ஆகவே எந்த ஊர் நீதிமன்றம் என்பதே முதல் சண்டையாகிறது. அது முடிய ஓராண்டு. பிறகு சமரசப் பேச்சு, ஆலோசகர் முன் அமர்வு, எதிருரை, வக்கீல்கள் புறக்கணிப்பு, நீதிபதி மாற்றம். மூன்றாண்டு கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது பிள்ளைக்குத் தெலுங்கு மறந்துவிட்டது. தந்தையின் முகமும் பாதி மறந்துவிட்டது. பழகிய பள்ளியையும் நண்பர்களையும் விட்டுப் பெயர்த்தெடுப்பது பிள்ளைக்கு நலமன்று என்று நீதிபதி கருதினால், அதில் குறை காண இயலாது. அன்றைய நிலையில் அது சரியான தீர்ப்பே. ஆனால் அந்நிலையை உண்டாக்கியது நீதியன்று, காலம். பிள்ளை நகரியில் தந்தையிடமும் பாட்டியிடமும் சிக்கியிருந்தால் இதே கதை மறுபுறமாக முடிந்திருக்கும். 'எக்காரணம் கொண்டும் பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள்' என்பதே விவரமறிந்த வக்கீல் தரும் முதல் அறிவுரை. தம் கட்சிக்காரருக்கு அவர் அதைச் சொல்லாவிட்டால் கடமை தவறியவர் ஆவார். சாலமோன் அரசவையில் தாய் சொன்ன சொல்லை நம் நீதிமன்றத்தில் ஒரு தாயோ தந்தையோ சொன்னால், அது எதிர்த்தரப்பின் சான்றாவணமாகிவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பிடித்து வைத்திருப்பவர் எல்லாரும் பிடிவாதக்காரர் அல்லர். அடிக்கும் கணவனிடமிருந்து நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவளிடம், உண்மையான தாய் விட்டுக்கொடுப்பாள் என்று சாலமோன் கதையைச் சொல்வது கொடுமை. அதைத்தான் நாம் முதலில் தீங்கு என்று குறித்தோம். அத்தகையவளுக்கு உடனே பிள்ளையின் பொறுப்பை அளிக்கவும், தீங்கு நேருமெனில் தந்தை பிள்ளையைச் சந்திப்பதை மறுக்கவும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழிசெய்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் அவளை 'அனுசரித்துப் போ' என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இதை அறிந்திருப்பது நலம்.

இனி, பிள்ளையைத் தன்னிடம் பெறாதவரின் நிலைமைக்கு வருவோம். அவருக்குச் சந்திப்பு உரிமை தரப்படுகிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை பத்து முதல் பகல் ஒன்று வரை, நீதிமன்ற வளாகத்தில் அல்லது ஒரு பொது இடத்தில் என்று ஆணை வரும். இதைப் 'பார்வை உரிமை' என்று சிலர் தமிழாக்குகின்றனர். பொறுப்பைக் 'காவல்' என்கின்றனர். சிறைக்கும் மருத்துவமனைக்கும் உரிய இச்சொற்கள் தந்தைக்கும் மகனுக்கும் எப்படிப் பொருந்தும் என்று மொழி உணர்வுடையோர் சிந்திக்க வேண்டும். கஸ்டடி, விசிட்டிங் என்று மக்கள் ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுவதற்கு, தமிழ்ச் சொல் நெஞ்சைச் சுடுவதும் ஒரு காரணமோ என்று நமக்கு ஐயமுண்டு.

தமிழிலக்கியத்தில் இத்தகைய சந்திப்பு ஒன்று இருக்கிறது. புகழேந்திப் புலவரின் நளவெண்பாவை மாணவப் பருவத்தில் படித்தவர்கள் நினைவுகூரலாம். நாடிழந்த நளன், பிள்ளைகளை மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காட்டில் மனைவியையும் பிரிகிறான். ஆண்டுகள் சென்றபின் உருமாறி, சமையற்காரனாக அதே மாமனார் ஊருக்கு வருகிறான். அவன் யாரென அறியத் தமயந்தி பிள்ளைகளை மடைப்பள்ளிப் பக்கம் விளையாட அனுப்புகிறாள். தன் பிள்ளைகளைப் போலவே இருக்கிறீர்களே, யாருடைய பிள்ளைகள் என்று தந்தையே கேட்க வேண்டியதாகிறது. நான்தான் உங்கள் தந்தை என்று சொல்லவும் இயலாது. அணைத்துக்கொண்டு அழத்தான் முடிகிறது. புலவர் அங்கே நீதி எதையும் உரைக்கவில்லை. சந்திப்பு நேரம் முடிந்து படியிறங்கும் தந்தையரையும் தாயரையும் கண்டவர்களுக்கு அக்காட்சி புராணமாகத் தோன்றாது.

இவ்விடத்தில் நீதிமன்றங்கள் உணர்ந்தே பேசியிருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விடலாகாது. 2020 சனவரியில் உச்ச நீதிமன்றம், பிள்ளைக்குத் தாய், தந்தை இருவரின் அன்பும் வேண்டும் என்றும், ஒருவரிடம் பிள்ளை இருந்தால் மற்றவர் தொடர்பு அறுந்துபோகாதபடி போதிய சந்திப்புக்கு வழிசெய்ய வேண்டும் என்றும் கூறியது. தொலைவில் இருப்போர் தொலைபேசியிலும் காணொளியிலும் நாள்தோறும் சில நிமிடமேனும் பிள்ளையுடன் பேச இடமளிக்க வேண்டுமென்றும் அது வலியுறுத்தியது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் இன்னும் ஒரு படி சென்றார். பிள்ளையைக் காண வீட்டுக்கு வரும் கணவரை விருந்தினராக நடத்த வேண்டும், சிற்றுண்டி அளிக்க வேண்டும் என்று மனைவிக்கு ஆணையிட்டார். அதிதியைத் தெய்வமாகக் கொள்ளும் வடமொழி மரபையும் சுட்டினார். அவ்வாண்டிலேயே இரு நீதிபதிகள் ஆயம், ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்வது என்பது வழக்குக்குத் தொடர்பில்லாதது என்று அவ்வாணையை நீக்கியது. நீக்கியது சரியே. விருந்தோம்பலைக் கட்டளையால் பெற முடியாது. அடிபட்ட பெண்ணொருத்திக்கு அக்கட்டளை இன்னொரு அடியாகிவிடவும் கூடும். ஆனாலும் தனி நீதிபதி கண்டது ஒன்றுண்டு. வாசலில் தந்தை நிற்கும்போது கதவை அம்மா எப்படித் திறக்கிறாள் என்பதைத்தான் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

நம் திரைப்படங்கள் இதை எப்படிக் காட்டின? 1965இல் ஏவி.எம். நிறுவனத்துக்காகக் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய 'குழந்தையும் தெய்வமும்' படத்தை அறியாதவர் இரார். எரிக் கெஸ்ட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளரின் 1949ஆம் ஆண்டு நூல், அமெரிக்கப் படம் ஒன்றின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. தெலுங்கில் 'லேத மனசுலு' என்றும் இந்தியில் 'தோ கலியான்' என்றும் சென்றது. பிரிந்த பெற்றோர் இரட்டைப் பெண்களை ஆளுக்கொருத்தியாகப் பிரித்துக்கொள்கின்றனர். பிள்ளைகள் தற்செயலாகச் சந்தித்து, இடம் மாறி, பெற்றோரை ஒன்றுசேர்க்கின்றனர். குட்டி பத்மினியின் இரட்டை வேடத்தை மெச்சியே அப்படத்தை நாம் இதுவரை பேசிவந்துள்ளோம். சென்னை உயர் நீதிமன்றத்தில் மெய்யான பிள்ளைகள் பங்கிடப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே நகரில் எடுக்கப்பட்ட இப்படத்தில் நீதிமன்றத்துக்கு இடமே இல்லை. பெரியவர்களின் பிழையைத் திருத்தும் வேலை முழுவதும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் தலையில் ஏற்றப்படுகிறது. 2011இல் விஜய் இயக்கிய 'தெய்வத்திருமகள்' நீதிமன்றத்துக்குள் சென்றது. ஆயினும் அங்கும் வழக்கைத் தீர்ப்பது வாதமோ நீதிபதியின் ஆராய்ச்சியோ அன்று. மன்றத்தின் நடுவே தந்தையும் மகளும் சைகையால் பேசிக்கொள்ளும் காட்சி எதிர் வக்கீலையே உருக்கிவிடுகிறது. வென்ற தந்தை கடைசியில் மகளைத் தாயின் குடும்பத்திடம் விட்டுச் செல்கிறான். மீண்டும் சாலமோன்.

கலை இனிமையாக முடிய விரும்புவதை நாம் குறை கூறவில்லை. ஆனால் இம்முடிவு திரையரங்கோடு நிற்பதில்லை. 'நீ நன்றாகச் செபித்தால் அப்பாவும் அம்மாவும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள்' என்று பிள்ளைகளிடம் அன்போடு சொல்லும் பாட்டிமாரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் நம்மிடையே உள்ளனர். சேரவில்லையென்றால் அந்தப் பிள்ளை என்ன எண்ணும்? தன் செபம் போதவில்லை என்றுதானே? விளையாட்டாக எல்லாரும் பிள்ளையிடம் கேட்கும் கேள்வி ஒன்று: அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா? நீதிபதியின் தனியறையில் அது விளையாட்டன்று. எட்டு வயதுப் பிள்ளை அதற்கு விடை சொல்லிவிட்டு வீடு திரும்பி, அவ்விடையோடு வளர வேண்டும். இப்பிள்ளைகளைப் பற்றிய கதை, பெற்றோர் சேராமலே, இருவரும் மெய்யானவர்களாகவே, பிள்ளை இரு வீட்டிலும் உண்டு உறங்கி வளர்வதாக, நம் மொழியில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

திருஅவையின் சட்டம் இதில் அடக்கமாகவே பேசுகிறது. தம்பதியர் பிரிந்து வாழ நேரும்போது பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் எப்போதும் தக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்கிறது 1154ஆம் விதி. திருமணம் செல்லாதது என்று தீர்ப்பானால் பிள்ளைகள் முறையற்றவர் ஆகிவிடுவர் என்ற அச்சம் நம் மக்களிடம் இன்றும் உண்டு. நல்லெண்ணத்தோடு செய்த திருமணத்தில் பிறந்தோர் முறையான பிள்ளைகளே என்று 1137ஆம் விதி அன்றே தீர்த்துவைத்திருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016ஆம் ஆண்டின் 'அன்பின் மகிழ்வு' ஊக்கவுரையில், பிரிந்த பெற்றோரிடம் பிள்ளைகளைப் பிணைக்கைதிகளாக ஆக்காதீர்கள் என்று மன்றாடினார். ஆனால் பிள்ளை சனிக்கிழமை யாருடன் இருப்பது என்பதைத் திருஅவைச் சட்டம் தீர்க்காது. அது நாட்டு நீதிமன்றத்தின் வேலை. ஆகவே ஒரு தரப்பார் பங்குத்தந்தையிடம் வந்து, எதிர்த்தரப்பு ஆலயத்துக்கு வருவதில்லை, பிள்ளை வளர்க்கத் தகுதியில்லை என்று எழுதிக் கேட்கும்போது, கையெழுத்திட மறுப்பதே முறை. ஞானஸ்நானச் சான்றிதழை யார் கேட்டாலும் தரலாம். மற்றவரை மட்டந்தட்டும் சான்று அந்த இழுபறியில் இன்னொரு கை.

காலம்தான் தீர்ப்பை எழுதுகிறது என்றால், திருத்தமும் காலத்தில்தான் தொடங்க வேண்டும். பராமரிப்பும் கல்வியும் பற்றிய இடைக்கால மனுக்களை இயன்றவரை 60 நாளில் முடிக்க வேண்டுமென்று 2001ஆம் ஆண்டின் திருத்தம் நம் விவாகரத்துச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டது. அறுபது நாள் என்பது அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து. 'இயன்றவரை' என்ற சொல் எவ்வளவு நீளும் என்பதை வாய்தாவுக்கு அலைந்தவர்கள் அறிவர். பிள்ளையின் பொறுப்பை இருவரும் கூட்டாக ஏற்க இடம் வேண்டும், வளர்ப்புத் திட்டத்தைப் பெற்றோரே எழுதித் தர வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2015 மே மாதம் தன் 257ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் இருவரும் ஒப்பி எழுதித் தருவதை ஏற்க நீதிமன்றத்துக்குத் தடையேதும் இல்லை. முதல் வாய்தாவிலேயே, வழக்கின் முடிவுக்குக் காத்திராமல், பிள்ளை மற்றவர் வீட்டுக்கும் சென்று வர இடைக்கால உத்தரவு கேட்கலாம். அப்படிச் சென்று வந்ததைப் பின்னர் அனுப்பியவருக்கு எதிராகக் கொள்ளலாகாது என்று அவ்வுத்தரவிலேயே எழுதச் சொல்லியும் மன்றாடலாம். அடியும் அச்சமும் இல்லாத குடும்பங்களுக்கே இது பொருந்தும்.

அத்தகைய ஏற்பாட்டை எழுதும்போது பள்ளி விடுமுறையைப் பாதியாக்குவதும், கிறிஸ்து பிறப்பு விழா ஒருவருக்கு, புத்தாண்டு மற்றவருக்கு என்று பிரிப்பதும் வழக்கம். வக்கீல்கள் இருவரும் கிறிஸ்தவரல்லர் என்றால், விழா என்பது டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலியில் தொடங்குகிறது என்பது அவர்களுக்குத் தோன்றாது. ஆணையில் 25ஆம் நாள் காலை ஒன்பது மணி என்றிருக்கும். முதல் நற்கருணை வாங்கும் நாளும் உறுதிபூசுதல் நாளும் பெரும்பாலும் விட்டுப்போகின்றன. அந்நாள்களில் இருவரும் ஆலயத்தில் இருக்கலாம், பிள்ளையின் இருபுறமும் நிற்கலாம் என்று ஒரு வரியைச் சேர்க்கும்படி வக்கீலிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.